வரம்பு நிற்குமா? பெருநாடிக் கிழிவு, உறையும் குருதி, கணினிக் கணிப்பு

சென்ற பெரும்போக அறுவடைக்குச் சில நாட்கள் முன்னர், மாமா ஒரு பெரிய மண்ணிறக் கடித உறையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே அவருடைய ஸ்கான் அறிக்கை.

இரண்டு வருடங்களுக்கு முன், உறுகாமத்துத் தண்ணீர் பாயும் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றவருக்குத் திடீரென்று தோள்பட்டைகளுக்கு நடுவே துணி கிழிவது போல ஒரு வலி வந்தது. வாய்வு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தைலம் தடவினோம், இஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். வலி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்தார்கள், மாரடைப்பு இல்லை. பிறகு எடுத்த ஸ்கானில்தான் பெருநாடி கிழிந்திருப்பது தெரிந்தது. கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் தொடையிடுக்கு வழியாகக் குழாய் வைத்து, அல்ஹம்துலில்லாஹ், ஆளைக் காப்பாற்றித் தந்தார்கள்.

இப்போது வந்த அறிக்கையை வீட்டில் யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். கிழிவினால் உண்டான ‘பொய்வழி’யில் குருதி பாதியளவு உறைந்துவிட்டது என்று அதில் இருக்கிறது. மாமாவுக்குப் பெரிய சந்தோசம்.

“மருமகன், பாதி அடைச்சிட்டாம். மத்தப் பாதியும் தன்பாட்டுல அடைச்சிரும் தானே? இனி என்னத்துக்குக் கொழும்புக்குப் போற? வெள்ளாமை வெட்டுற நேரம்.”

நான் வைத்தியன் அல்லன். உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் ஆசிரியன். அறிக்கையைக் கையில் எடுத்தபோது எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. பாதி அடைபட்டால் பாதிச் சுகம் என்பது சாதாரணக் கணக்கு. ஆனால் தேடி வாசிக்க வாசிக்க அந்தக் கணக்குப் பிழை என்று தெரிந்தது. ஏன் பிழை, அதைச் சரியாகப் போட உலகெங்கும் ஆய்வாளர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பெருநாடியும் அதன் மூன்று தட்டுகளும்

பாடசாலை விஞ்ஞானத்தில் ‘தொகுதிப் பெருநாடி’ என்று படித்திருப்போம். இதயத்தின் இடது இதயவறையிலிருந்து புறப்பட்டு, கைத்தடியின் பிடி போல வளைந்து, முதுகெலும்பின் முன்னால் கீழிறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகும் குழாய் இது. ‘அல்-ஹாக்கா’ அத்தியாயத்தில் வரும் ‘வதீன்’ எனும் சொல்லுக்கு, இதயத்தோடு இணைந்த, அறுந்தால் உயிர் போகும் நாடி என்று விரிவுரையாளர்கள் பொருள் சொல்வார்கள். இன்றைய அரபு மருத்துவ நூல்கள் பெருநாடியை ‘அப்ஹர்’ என்கின்றன.

மார்புப் பகுதியில் இதன் அகலம் ஏறக்குறைய 2.5 முதல் 3 சென்ரிமீற்றர், வயிற்றில் 2 சென்ரிமீற்றர் அளவு. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் குருதியை இதற்குள் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு அது 7,200 லீற்றர். அதுவும் சீராக வரும் ஓட்டமல்ல. நாளொன்றுக்கு ஒரு இலட்சம் தடவை அடித்து அடித்து வரும் ஓட்டம்.

இந்தக் குழாயின் சுவர் உட்தட்டு, நடுத்தட்டு, புறத்தட்டு என்று மூன்று தட்டுகளால் ஆனது. உயர் குருதி அமுக்கம், புகைத்தல், சில பரம்பரைக் குறைபாடுகள் முதலியவற்றால் சுவர் பலவீனமானால் இரண்டு விதமான ஆபத்து வரலாம்.

ஒன்று புடைப்பு. சுவர் பலூன் போல ஊதிக்கொண்டு போகும். குழாய் எவ்வளவு அகலமோ, அதே அமுக்கத்தில் சுவரின் இழுவையும் அவ்வளவு கூடும். 4 சென்ரிமீற்றர் அகலம் 6 ஆனால் இழுவை ஒன்றரை மடங்கு, சுவரோ முன்னையிலும் மெலிந்தது. ஊதியது மேலும் ஊதும். குர்துபாவின் பெரும் சத்திரசிகிச்சை நிபுணர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 1000ஆம் ஆண்டையொட்டி எழுதிய ‘அத்தஸ்ரீப்’ நூலில் நாடிப் புடைப்புகளைப் பற்றி எழுதும்போது, பெரிய புடைப்புகளில் கத்தி வைக்க வேண்டாம் என்று எச்சரித்தார். ஏறக்குறைய 900 வருடங்களுக்குப் பின்னரும் நிலைமை அதிகம் மாறவில்லை. விஞ்ஞானி ஐன்ஸ்டைனுக்கு வயிற்றுப் பெருநாடியில் புடைப்பு இருந்தது. 1948இல் சத்திரசிகிச்சை நிபுணர் ருடோல்ப் நிஸ்ஸன் அதைச் செலோபேன் தாளால் சுற்றிவிட்டார். அன்று செய்யக்கூடியது அவ்வளவுதான். 1955 ஏப்ரலில் அது வெடித்தே ஐன்ஸ்டைன் காலமானார்.

மற்றது கிழிவு. உட்தட்டில் ஓர் இடம் பிளந்து, அதற்குள் குருதி புகுந்து, தட்டுகளை உரித்துக்கொண்டு கீழே ஓடுகிறது. ஒரு குழாய் இரண்டு குழாயாகிறது. பழைய பாதை மெய்வழி. சுவருக்குள் புதிதாக உண்டான பாதை பொய்வழி. பொய்வழியின் வெளிச்சுவர் முழுச் சுவரல்ல, உரிந்த சுவரின் மிச்சம். கிழிவு இதயத்துக்கு அண்மையில் மேலேறும் பகுதியில் இருந்தால் ‘ஏ’ வகை, அது உடனடியாக நெஞ்சைத் திறக்க வேண்டியது. மேலேறும் பகுதியைத் தொடாமல் கீழிறங்கும் பகுதியில் இருந்தால் ‘பீ’ வகை. 1970இல் ஸ்டான்போர்டில் வகுத்த பிரிவு இது. மாமாவுக்கு வந்தது ‘பீ’.

இப்னுந் நபீஸின் தர்க்கம்

குருதி எந்த வழியால் போகிறது என்ற கேள்வி நமது அறிவு மரபுக்குப் புதிதல்ல. 1213இல் ஷாம் தேசத்தில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுந் நபீஸ், 1242இல், தமது 29ஆவது வயதில், இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலின் உடலமைப்புப் பகுதிக்கு ஓர் உரை எழுதினார். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளால் குருதி கசிகிறது என்று ஜாலினூஸ் எனும் கேலன் சொன்னதை ஆயிரம் வருடமாக எல்லோரும் நம்பியிருந்தார்கள். இப்னுந் நபீஸ் அதை மறுத்தார். நடுச்சுவர் தடித்தது, அதில் துளை இல்லை. ஆனால் குருதி இடது பக்கம் வந்து சேருகிறது. ஆகவே அது வேறு வழியால் போயிருக்க வேண்டும், அந்த வழி நுரையீரல். இதுவே அவருடைய தர்க்கம். இந்த உரை மேற்குலகின் பார்வைக்கு நெடுங்காலம் படவில்லை. எகிப்திய வைத்தியர் முஹ்யித்தீன் தத்தாவி 1924இல் பேர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்த பிறகே உலகம் அறிந்தது. முழு உடல் சுற்றோட்டத்தையும் அளவுக் கணக்கோடு நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, 1628இல்.

இதைப் பெருமைக்காக மட்டும் இங்கே சொல்லவில்லை. இப்னுந் நபீஸின் தர்க்கத்துக்கு அடியில் இருப்பது, புகுந்தது எங்காவது வெளியே வந்தாக வேண்டும் என்ற எளிய எண்ணம். இன்று கணினி போடும் குருதியோட்டக் கணக்கிலும் முதலாவது சமன்பாடு இதுதான். மாமாவின் பிரச்சினைக்குச் சாவியும் இதுதான்.

குழாய் என்ன செய்கிறது?

1987இல் சோவியத் உக்ரேனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலோதோஸ், நெஞ்சைத் திறக்காமல், காலில் உள்ள நாடி வழியாகவே மார்புப் பெருநாடிக்குள் ஒரு குழாயைச் செலுத்தினார். 1990இல் ஆர்ஜன்டீனாவின் ஹுவான் பரோடி வயிற்றுப் பெருநாடிப் புடைப்புக்கு இதைச் செய்து உலகறியச் செய்தார். கிழிவுக்கும் இதே வழி பயன்படும் என்று காட்டிய இரண்டு ஆய்வுகள் 1999இல் வெளிவந்தன.

உலோகக் கம்பி வலையின் மேல் பொலியெஸ்டர் போன்ற நெருக்கமான துணியைப் போர்த்திச் செய்த குழாய் இது. சுருக்கி மெல்லிய உறைக்குள் அடைத்துத் தொடையிடுக்கால் அனுப்புவார்கள். சரியான இடத்தில் உறையை இழுத்துவிட்டால் கம்பி விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி உடல் வெப்பத்தில் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும் இயல்புடையது.

இதன் வேலை பொய்வழியின் மேல்வாயை மூடுவது. குருதி மெய்வழியால் மட்டும் ஓட வேண்டும். பொய்வழிக்குள் சிக்கிய குருதி தேங்கி, உறைந்து, நாளடைவில் சுருங்கி, சுவர் ஆற வேண்டும். ஆக, குழாய் வைப்பது பாதி வேலைதான். மிச்சத்தை உடலே உறைவைக் கொண்டு செய்கிறது.

இங்கேதான் விசித்திரம். குருதி உறைதல் என்றாலே நாம் பயப்படுகிறோம். மாரடைப்பும் பாரிசவாதமும் பெரும்பாலும் உறைவால் வருபவை. ஆனால் இந்த நோயாளியின் பொய்வழியில் உறைவு வேண்டும். சில சென்ரிமீற்றர் தள்ளி, குழாயின் உள்ளே, உறைவு கூடாது. ஒரே குருதி, ஒரே ஆள், ஒரே இடம்.

எங்கே உறையும்?

ஜேர்மனிய மருத்துவர் ருடோல்ப் விர்கோ 1856இல் சொன்ன மூன்று காரணங்கள் இன்றும் நிற்கின்றன. ஓட்டம் தளர்தல், சுவர் காயப்படுதல், குருதியின் உறையும் தன்மை கூடுதல். பொய்வழியில் சுவர் ஏற்கெனவே காயம். ஓட்டமும் தளர்ந்துவிட்டால் வேலை தொடங்கும். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுதட்டுகள் மிதக்கின்றன. அவை விழித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். பைபிரின் எனும் நார் வலை போலப் பின்னி அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

சிறுதட்டுகளை விழிக்கச் செய்வது பல நேரங்களில் வேகமான ஓட்டம். கிழிந்த வாயால் குருதி பீறிக்கொண்டு நுழையும்போது அவை அடிபட்டு விழிக்கின்றன. ஆனால் அந்த வேகத்தில் அவற்றால் ஓரிடத்தில் ஒட்டி நிற்க முடியாது. ஓட்டம் சுழன்று தளரும் மூலையில்தான் படியும். வாவிக்கரையில் நாம் காண்பதும் இதுதானே! ஆறு வேகமாக வரும் இடத்தில் மண் அரிபடும், கலங்கிய தண்ணீர் ஆறுதலாகச் சுழலும் ஒதுக்கத்தில்தான் சேறு படியும்.

ஆகவே எங்கே எவ்வளவு உறையும் என்பது, எங்கே எப்படி ஓடுகிறது என்பதில் தங்கியிருக்கிறது. குழாய் மூடுவது மேல்வாயை. ஆனால் கிழிவில் பெரும்பாலும் ஒரு வாய் மட்டும் இருப்பதில்லை. கீழே, வயிற்றுப் பகுதியில், வேறு சிறிய வாய்களும் இருக்கும். மேலே குழாய் மூடிய இடத்தில் பொய்வழி நன்றாக உறைந்து ஆறும். கீழே வயிற்றில் குருதி ஏதோ ஒரு வாயால் போய் வந்துகொண்டே இருக்கும். பாதி உறைவு இப்படித்தான் உண்டாகிறது.

பாதி ஏன் ஆபத்து?

2007இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகை ஒன்றில், பல நாட்டு வைத்தியசாலைகளின் பொதுப் பதிவேட்டைக் கொண்டு ஓர் ஆய்வு வந்தது. ‘பீ’ வகைக் கிழிவோடு வந்து, உயிரோடு வீடு திரும்பிய 201 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு. பொய்வழி முழுவதும் திறந்திருந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் இறந்தவர்கள் 13.7 வீதம். பாதி உறைந்தவர்களிலோ 31.6 வீதம்! முழுதாக உறைந்தவர்களில் 22.6 வீதம் என்றாலும், அந்தப் பிரிவில் 19 பேர்தான் இருந்தார்கள் என்பதால் அதை வைத்து அதிகம் பேச முடியாது. இவர்கள் எல்லோரும் குழாய் வைத்தவர்கள் அல்லர். ஆனாலும் ‘பாதி அடைபட்டால் பாதிச் சுகம்’ என்ற நமது கணக்கை இந்த ஆய்வு உடைத்துவிட்டது.

காரணமாக ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கத்தை மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு தாளில் வரவை ஒன்றைக் கீறினேன். மேலே வாய்க்காலிலிருந்து தண்ணீர் புகும் வக்கடை. கீழே அடுத்த வரவைக்குத் தண்ணீர் இறங்கும் வக்கடை.

“மாமா, கீழ் வக்கடைக்குள்ள சேறு வந்து அடைச்சிட்டு. மேல் வக்கடை திறந்துதான் கிடக்கி. என்ன நடக்கும்?”

அவர் தாளைப் பார்த்தபடி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

“தண்ணி வந்துட்டே இருக்கும். போக வழியில்ல. அப்ப வரம்பு என்னண்டு மருமகன் நிக்கும்?”

அதுதான். உறைவு எங்கே நிகழ்கிறது என்பதே கேள்வி. வெளியேறும் வாயை உறைவு அடைத்து, புகும் வாய் திறந்திருந்தால், பொய்வழி ஒரு முட்டுப்பையாகிவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் குருதி புகும், வடியாது, உள்ளே அமுக்கம் ஏறும். மெலிந்த வெளிச்சுவர் அதைத் தாங்க வேண்டும். மாரியில் ஆறுகள் வெள்ளத்தைக் கொண்டுவந்து வாவியில் கொட்டும்போது பாலமீன்மடு முகத்துவாரம் மண்ணால் மூடிக் கிடந்தால், வாவியோரத்து வயலும் வீடும் படும் பாட்டை மட்டக்களப்பில் அறியாதவர் இல்லை. அதனால்தானே முகத்துவாரத்தை வெட்டிவிடு என்று ஊரெல்லாம் கேட்கிறது!

முழுதாக உறைந்து ஆறினால் நன்மை என்பதற்கும் சான்று உண்டு. 140 பேரை இரு குழுவாக்கி ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், குழாய் வைத்தவர்களில் 90.6 வீதமானோருக்குப் பொய்வழி உறைந்தது. பெருநாடி தொடர்பான மரணம் குழாய் வைத்தவர்களில் 6.9 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 19.3 வீதம். குழாய் நல்ல சிகிச்சைதான். யாருக்கு உறைவு முழுமையாகும், யாருக்குப் பாதியில் நிற்கும் என்பதை முன்கூட்டி அறிவதுதான் கஷ்டம்.

கணினிக்குள் ஒரு பெருநாடி

கணினி இந்த இடத்தில்தான் வருகிறது. அது செய்யும் வேலையைப் படிபடியாகப் பார்ப்போம்.

முதலில் வடிவம். சாயம் ஏற்றி எடுத்த ஸ்கான், உடலைப் பாண் துண்டு போலச் சீவிய நூற்றுக்கணக்கான படங்களைத் தரும். ஒவ்வொரு துண்டிலும் மெய்வழி, பொய்வழி ஆகியவற்றின் எல்லையைக் குறித்து, அவற்றை அடுக்கினால், அந்த நோயாளியின் பெருநாடி அப்படியே கணினியில் எழும். பொதுவான படமல்ல, அந்த ஆளின் வளைவும் கிழிவும் குழாயும் கொண்ட உருவம்.

இரண்டாவது, அந்த உருவத்தின் உட்பகுதியை இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு கலங்களாகப் பிரிப்பது. ஒரு வட்டையை வரவைகளாகப் பிரிப்பது போல. ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டு கணக்குகள். ஒன்று, புகுந்த குருதியும் வெளியேறிய குருதியும் சமன். மற்றது, குருதியின் வேகம் மாறுவதற்கு அமுக்க வித்தியாசமும் பிசுபிசுப்பின் இழுவையும் காரணம் என்னும் நியூட்டனின் விதி. பிரான்சின் நேவியர் 1822இலும் அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் 1845இலும் வடித்துத் தந்த சமன்பாடுகள் இவை. பார்க்கச் சிறியவை. ஆனால் எல்லா நிலைமைக்கும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிறுவுபவருக்கு 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பத்து இலட்சம் டொலர் பரிசை இன்னும் யாரும் பெறவில்லை. தாளில் தீர்க்க முடியாததைக் கணினி, செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற சிறு சிறு அடிகளாக, எண்களால் அண்ணளவாகத் தீர்க்கிறது. ஒரு சில இதயத் துடிப்புகளைக் கணிக்க மணித்தியாலங்கள், சில நேரம் நாட்கள்கூட ஆகும்.

மூன்றாவது, வாசல்களில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுப்பது. இதயத்திலிருந்து ஒவ்வொரு கணமும் எவ்வளவு வருகிறது, சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் காலுக்கும் போகும் கிளைகள் எவ்வளவு தடை தருகின்றன என்பவை. வாய்க்காலின் நடுப்பகுதியை மட்டும் கீறிவிட்டு, மேலே துருசு எவ்வளவு திறந்திருக்கிறது, கீழே எத்தனை வரவை குடிக்கிறது என்று சொல்லாவிட்டால் கணக்கு எப்படி வரும்?

இவ்வளவும் முடிந்தால் கணினி பல விடயங்களைக் காட்டும். எந்த மூலையில் சுழல், எந்த வாயால் எவ்வளவு போகிறது, பொய்வழியின் அமுக்கம் மெய்வழியைவிடக் கூடவா குறையவா என்பவை. அவற்றுள் உறைவுக்கு முக்கியமானவை இரண்டு.

ஒன்று, சுவரைத் தடவிச் செல்லும் குருதியின் இழுவை. நாம் பிரஷர் 120 என்று சொல்லும் அமுக்கம் ஏறக்குறைய 16,000 பஸ்கால். சுவர் மீதான இந்த இழுவையோ ஒரு பஸ்காலுக்குச் சற்றுக் கீழே மேலே. இவ்வளவு சிறியதையும் நாடியின் உட்படை உணர்கிறது. இழுவை நீண்ட நேரம் மிகக் குறைவாகவும், திசை மாறி மாறியும் இருக்கும் இடமே உறைவுக்கும் படிவுக்கும் இடங்கொடுக்கும்.

மற்றது, தங்கும் நேரம். கணினிக் குருதியில் ஒரு கற்பனைச் சாயத்தைக் கலந்து, எந்த இடத்துச் சாயம் எப்போது கழுவப்படுகிறது என்று பார்ப்பார்கள். மெய்வழியில் ஓரிரு துடிப்பில் சாயம் போய்விடும். பொய்வழியின் முட்டுமூலையில் பல துடிப்புகள் கழிந்தும் நிற்கும்.

நான்காவது படிதான் உறைவையே கணிப்பது. உண்மையான உறைதலில் மிகப் பல இரசாயனப் படிகள் உள்ளன. அவற்றைச் சுருக்கி, உறங்கும் சிறுதட்டு, விழித்த சிறுதட்டு, ஒட்டிய சிறுதட்டு, உறையச் செய்யும் பொருள் என்று சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். தங்கும் நேரம் கூடி இழுவை குறைந்த கலத்தில் ஒட்டுதல் நடக்கும். ஒட்டியது கூடக் கூட அந்தக் கலத்தில் ஓட்டத்துக்குத் தடை கூடும். தடை கூடினால் பக்கத்துக் கலத்தின் ஓட்டம் மாறும். இப்படி உறைவும் ஓட்டமும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே போகும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிளோடியா மெனிக்கினியும் ஷியாவோ யுன் சூவும் 2016இல் இத்தகைய முறையொன்றை வெளியிட்டு, உண்மை நோயாளிகளின் பெருநாடி வடிவங்களில் கணித்த உறைவைப் பிந்திய ஸ்கான்களோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது, ஆனால் கணிப்பும் கண்டதும் நன்றாகப் பொருந்தின.

இதன் பயன் இதுதான். குழாயை இன்னும் நீளமாக வைத்தால் என்ன, இந்தக் கீழ்வாயையும் மூடினால் அமுக்கம் ஏறுமா இறங்குமா என்று, நோயாளியின் மேல் கை வைக்காமல் கணினியில் செய்து பார்க்கலாம். வயலில் வரம்பை வெட்டிப் பார்க்காமல் தாளில் கீறிப் பார்ப்பது போல.

நமது மண்ணில் பிறந்த ஒருவர்

இந்தத் துறையில் பெரும் பெயர் ஒன்று நமது நாட்டில் பிறந்தவருடையது. அஜித் யோகநாதன் அமெரிக்காவின் அட்லாண்டாவில், ஜோர்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இதய, குருதிக்குழாய் ஓட்டத்துக்கென்றே ஓர் ஆய்வுகூடத்தை உருவாக்கியவர். செயற்கை இதய வால்வுகளினூடாகக் குருதி எப்படிப் பாய்கிறது, எங்கே தேங்கி உறைவுக்கு இடங்கொடுக்கிறது என்று பல தசாப்தங்கள் ஆராய்ந்தார்.

அவருடைய குழுவின் இன்னொரு வேலை நமது விடயத்துக்கு மிக நெருக்கமானது. பிறக்கும்போதே இதயத்தில் ஒரு அறை மட்டும் ஒழுங்காக இயங்கும் குழந்தைகளுக்கு, உடலிலிருந்து திரும்பும் நாளங்களை நேரே நுரையீரலோடு இணைத்துவிடுவார்கள். எந்தக் கோணத்தில் இணைத்தால் இரண்டு நுரையீரலுக்கும் குருதி ஒழுங்காகப் பகிரும்? அந்தக் குழந்தையின் ஸ்கானைக் கணினியில் எழுப்பி, பல இணைப்புகளைச் செய்து பார்த்து, சத்திரசிகிச்சை நிபுணரிடம் கொடுத்தார்கள். கணினிக் கணக்கு சத்திரசிகிச்சை மேசைக்குப் போன வழி இது.

அண்டை நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தானின் குழு உருவாக்கிய சித்ரா இதய வால்வு, முந்திய மாதிரிகள் தோற்ற பின்பே, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. குருதிக்குள் வைக்கும் எந்தப் பொருளும், தாளில் எவ்வளவு சரியாக இருந்தாலும், குருதியிடம் பரீட்சை எழுதித்தான் தேற வேண்டும்.

கணினிக்குத் தெரியாதவை

இத்தனை சொன்ன பின், குறைகளையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது.

கணினி கொடுத்ததை வைத்துத்தான் கணிக்கும். இதயத்திலிருந்து வரும் ஓட்டத்தை அந்த நோயாளியில் அளக்காமல், வழமையான அளவொன்றைப் போட்டால் விடையும் வழமையான ஒருவருக்கே பொருந்தும். இரு வழிகளுக்கும் நடுவேயுள்ள தோல் ஒவ்வொரு துடிப்பிலும் பாய் போல அசைகிறது. பல கணக்குகள் அதை அசையாத சுவராக எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொருவர் குருதியும் ஒரே மாதிரி உறைவதில்லை. துடிப்பு ஒரு செக்கன், உறைவு மாதக்கணக்கு. அத்தனை துடிப்பையும் கணிக்க எந்தக் கணினியாலும் ஏலாது என்பதால், உறைதலை வேண்டுமென்றே வேகப்படுத்தி ஓட்டுகிறார்கள். இவற்றைச் சரிபார்க்க, முப்பரிமாண அச்சில் செய்த பெருநாடி மாதிரிகளிலும், ஓட்டத்தையே படம் பிடிக்கும் காந்த ஸ்கான்களிலும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பெருநாடி உறைவைக் கணிக்கும் இம்முறை இன்னும் ஆய்வுகூடத்தை விட்டு நம்மூர்க் கிளினிக்குக்கு வரவில்லை. மாமாவின் அறிக்கையை யாரும் கணினியில் ஓட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு உள்ள வழி, குறித்த தவணைக்குப் போய், முந்திய ஸ்கானையும் புதிய ஸ்கானையும் அருகருகே வைத்து வைத்தியர் பார்ப்பதுதான். கணினி ஆய்வு அவருக்குக் கொடுத்தது, அந்தத் தவணையை ஏன் விடக்கூடாது என்ற விளக்கம்.

நாம் கவனிக்க வேண்டியவை

குழாய் வைத்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் நம்மிடையே பலமாக இருக்கிறது. முடியவில்லை. வழமையாக முதல் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், பின்பு வருடாவருடம் என்று பார்க்கச் சொல்வார்கள். சுகமாக இருக்கிறது என்பது சான்றாகாது, பொய்வழி அகலும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. பழைய ஸ்கான் படங்களைப் பத்திரமாக வைத்திருங்கள், ஒப்பிட அவைதான் தேவை. ஸ்கான் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் அதற்கான குருதிப் பரிசோதனையை முன்னரே செய்துகொள்ளுங்கள்.

குருதி அமுக்க மாத்திரையை ஒரு நாளும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. நோன்பு காலத்தில் நம்மவர்கள் பலர் செய்யும் தவறு இது. ரமழானுக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரிடம் போய், ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப மருந்தை மாற்ற முடியுமா, அல்லது நோன்பை விடத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இப்படியான நேரத்துக்குத்தான். குருதி உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை உண்டென்றால், அதைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் முடிவு. எங்கே உறைவு வேண்டும், எங்கே கூடாது என்ற கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்று மேலே பார்த்தோம்.

நெல் மூடை தூக்குவது, மூச்சுப் பிடித்துப் பாரம் இழுப்பது கூடாது. புகைத்தலை விட வேண்டும். மார்புப் பெருநாடி நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்பதால் பிள்ளைகளும் சகோதரர்களும் வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிவது போல வலி வந்தால், வாய்வு என்று தைலம் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். நாங்கள் போக்கினோம். அல்லாஹ்வின் கிருபையால் தப்பினோம்.

மாமா வெள்ளாமை வெட்டும் பொறுப்பை மகனிடம் விட்டுவிட்டு, பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒரு பையில் சுற்றிக்கொண்டு ஏறாவூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். நானும் கூடப் போனேன். வைத்தியர் படங்களை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் மாமா கேட்டார்:

“டொக்டர், பாதி அடைச்சிட்டெண்டு இரிக்கி. மேல் வாயா, கீழ் வாயா?”

வைத்தியர் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, படத்தில் விரலை வைத்துக் காட்டத் தொடங்கினார். வயிற்றுப் பகுதியில் ஒரு வாய் இன்னும் திறந்திருக்கிறது. பை முந்திய ஸ்கானைவிட மூன்று மில்லிமீற்றர் அகன்றிருக்கிறது. இப்போதைக்கு மருந்தைக் கூட்டுவோம், ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம், இன்னும் அகன்றால் அந்த வாய்க்கும் ஒரு வழி செய்ய வேண்டிவரும் என்றார்.

அந்த ஆறாம் மாதத் திகதியை மாமா வீட்டுக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். சிறுபோக அறுவடையும் கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் வருகிறது.